செம்மறிக் கருவின் நீர்ச்சமநிலை: படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு தமிழிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஆட்டுக்கரு' என்று எழுதினால் அது செம்மறியையும் குறிக்கும், வெள்ளாட்டையும் குறிக்கும். கருவின் உடலில் நீரை ஆளும் ஹார்மோன்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி செம்மறியிடமிருந்து கிடைத்தது. சினையுற்ற தாயின் வயிற்றில் உள்ள கருவின் இரத்தக்குழாய்களிலும் சிறுநீர்ப்பையிலும் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, தாய் மயக்கம் தெளிந்து எழுந்து நின்று தீனி தின்னும் நிலையில் பல நாட்கள் தொடர்ந்து அளந்து பெற்ற முடிவுகள் அவை. சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் செம்மறியில் பிற்காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தும், வெள்ளாட்டில் கடைசிவரை சூலகத்திலிருந்தும் வருகிறது. ஆகவே எந்த விலங்கு, சினையின் எத்தனையாவது நாள் என்ற இரண்டையும் குறிக்காமல் ஒரு முடிவை எடுத்தாள்வது பயனற்றது. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள் என்பதால், 100ஆம் நாள் கருவும் 140ஆம் நாள் கருவும் ஒன்றல்ல.

மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பெரிய தவறு, கருவை ஒரு சிறிய ஆடாக எண்ணுவதாகும். கருவின் சிறுநீர் இரத்தத்தைவிட மிகவும் நீர்த்திருக்கும். இரத்த பிளாஸ்மாவின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்துள்ள பொருட்களின் அடர்த்தி, 300 மில்லிஆஸ்மோலை ஒட்டி இருக்கையில், சிறுநீரில் அது பெரும்பாலும் 200க்கும் கீழே நிற்கும். இதைப் பார்த்தவுடன் 'சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை, நீரைத் தேக்கத் தெரியவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். கருவின் உடலில் நீரையும் உப்பையும் சரிசெய்வது பெரும்பாலும் நஞ்சுக்கொடியே. அங்கே தாய்க்கும் கருவுக்கும் இடையே நீர் இருபுறமும் ஓயாமல் போய் வருகிறது. சிறுநீரகம் வெளியேற்றும் நீர்த்த சிறுநீர் கழிவாக வீணாவதில்லை. அது பனிக்குட நீராகி, கருவால் விழுங்கப்பட்டும் சவ்வுகளின் வழியே உறிஞ்சப்பட்டும் மீண்டும் கருவின் இரத்தத்தையே அடைகிறது. இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால், நீர்த்த சிறுநீரைக் குறையென்று சொல்ல மனம் வராது.

இதோடு ஒட்டிய தவறு, உடலில் நீரைத் தேக்கச் சொல்லும் ஹார்மோனான வாசோபிரெசினைக் கருவுக்குச் சுரக்கத் தெரியாது என்பது. சினையின் கடைசி மூன்றிலொரு பங்கில், தாயைத் தண்ணீரின்றி வைத்தால் தாயின் இரத்தத்தோடு கருவின் இரத்தமும் அடர்ந்து, கருவின் பிட்யூட்டரிச் சுரப்பி வாசோபிரெசினைச் சுரக்க, சிறுநீரின் அளவு குறைந்து அடர்த்தி கூடுகிறது. தாயின் வாசோபிரெசின் நஞ்சுக்கொடியைக் கடந்து வந்ததன்று இது. கருவின் சொந்தச் சுரப்பே. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் நீரை ஈர்க்க உதவும் யூரியா குறைவாகவும், நீரைக் கடத்தும் அக்குவாபோரின்-2 புரதம் முதிர்ந்த ஆட்டைவிடக் குறைவாகவும் இருப்பதால், எவ்வளவு சுரந்தாலும் தாயைப் போல் சிறுநீரை அடர்த்தியாக்க இயலாது. கட்டளை இடப்படுகிறது, அதை நிறைவேற்றும் கருவிதான் அரைகுறையாக உள்ளது.

கருவின் இரத்தத்தில் வாசோபிரெசின் உயர்ந்திருந்தால் அது நீர்ப்பற்றாக்குறையின் அடையாளம் என்று முடிவுகட்டுவதும் கூடாது. ஆக்சிஜன் குறைவும் இரத்தப்போக்கும் இந்த ஹார்மோனை வெகுவாக ஏற்றிவிடும். அறுவைக்குப் பின் உடல் தேறாத நாட்களில் எடுத்த மாதிரியும் அப்படியே. ஆகவே வாசோபிரெசின் அளவை ஆஸ்மோலாலிட்டி, இரத்த ஆக்சிஜன், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஹார்மோனைச் செலுத்திப் பார்க்கும்போதும் அளவில் கவனம் தேவை. மிகுதியாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் உயர்ந்து உப்பு வெளியேறுவதும் கூடும்; அதைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் நேரடியாக நிகழ்ந்த விளைவாக எழுதிவிடுவோர் உண்டு.

சிறுநீரை அளப்பதில் எளிதாகத் தவறவிடும் ஒன்று யூரகஸ், அதாவது கருவின் சிறுநீர்ப்பையை அல்லாண்டாயிஸ் என்ற பையோடு இணைக்கும் குழாய். மனிதக் கருவில் பெயரளவுக்கே எஞ்சும் இந்த அல்லாண்டாயிஸ் பை, செம்மறியில் பிறப்புவரை நீர் நிறைந்து இருக்கும். கருவின் சிறுநீர் யூரகஸ் வழியே அந்தப் பைக்கும், உடலுக்கு வெளியே திறக்கும் சிறுநீர்ப்புறவழி (யூரெத்ரா) வழியே பனிக்குடத்துக்கும் செல்கிறது. பனிக்குட நீரை மட்டும் அளந்து சிறுநீரின் மொத்த அளவைக் கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும்.

ரெனின்–ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் தொடரை வெறும் இரத்த அழுத்த அமைப்பாகக் கருதி ஒதுக்குவதும் தவறு. கருவின் தமனி அழுத்தம் தாழ்வானது. சிறுநீரக வடிகட்டலைத் தாங்கிப் பிடிப்பதில் ஆஞ்சியோடென்சினுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் காப்டோபிரில் மருந்தைத் தாய்க்குக் கொடுத்தால் கருவின் வடிகட்டல் சரிந்து சிறுநீரும் குறைவதை ஆஸ்திரேலியாவில் யூஜினி லம்பர்ஸ் குழுவினர் செம்மறியில் காட்டினர். மனிதரிலும் கருவுற்ற காலத்தில் இவ்வகை மருந்துகளைத் தவிர்ப்பது இதே ஆபத்தினால்தான்.

எலியில் கண்டதைச் செம்மறிக்குப் பொருத்துவது இன்னொரு தவறு. எலியின் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகுகள், பிறந்த பின்னும் உருவாகின்றன. செம்மறியில் அந்த வேலை பிறப்புக்கு முன்பே முடிந்துவிடும், மனிதரிலும் அப்படியே. மெல்பர்னில் மேரலின் விண்டூரின் குழு, சினையின் 27ஆம் நாளை ஒட்டி இரண்டே நாட்கள் தாய்க்கு டெக்ஸாமெதசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளுக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் உயர்ந்தது; நெஃப்ரான்களும் குறைவாக இருந்தன. அதே குடும்பத்து ஹார்மோனான கார்டிசால், சினையின் இறுதியில் கருவிலேயே இயல்பாக உயரும்போது சிறுநீரகத்தையும் நுரையீரலையும் வெளியுலகுக்கு ஆயத்தப்படுத்துகிறது. 'ஸ்டீராய்டு நல்லதா, கெட்டதா' என்று கேட்பதைவிட, எந்த நாளில் என்று கேட்க வேண்டும்.

பிறந்த குட்டிக்கு வருவோம். நுரையீரலை நிரப்பியிருந்த திரவம் பிரசவத்தின்போது அட்ரினலின் உயர்வால் சுரப்பது நின்று, உறிஞ்சப்படத் தொடங்குகிறது. வாசோபிரெசினும் அதற்குத் துணைநிற்கிறது. பிறப்பின் நெருக்கடியே இவ்விரண்டையும் ஏற்றிவிடுவதால், பிறந்த சில மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தை வைத்துக் குட்டியின் நீர்நிலையை மதிப்பிடக் கூடாது. தொப்புள்கொடி அறுந்த கணம் முதல் பொறுப்பு முழுவதும் சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. வடிகட்டல் விரைவாக உயர்ந்தாலும், சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் வளர வாரங்கள் ஆகும். கழிச்சல் கண்ட குட்டி விரைவில் வற்றிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்கள் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்கும் குட்டிக்கு வெறும் தண்ணீரைப் புகட்டுவது, இழந்த உப்பை ஈடுசெய்யாமல் இரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்யும். குட்டிக்கு உறிஞ்சும் வலு இருந்தால் கால்நடைகளுக்கான வாய்வழி உப்புக்கரைசலை (எலக்ட்ரோலைட்) கொடுத்து, பாலையும் நிறுத்தாமல் தனியே தொடர வேண்டும். வலு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.