ஃப்ளோ ஓடுகிறது, வேலை நடக்கிறதா?

எங்கள் அணிக்குப் புதிதாக வந்தவர் போன வாரம் தன் முதல் ஃப்ளோவை, அதாவது மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட்டில் கட்டிய, தானாகவே ஓடும் வேலைத்தொடரைக் காட்டினார். எக்செல் பட்டியலைப் படித்து, பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை நினைவூட்டல் மெயில் அனுப்பும். பவர் ஆட்டோமேட்டில் நானும் முதலில் கட்டியது அதைத்தான். நான் விழுந்த குழி அதே இடத்தில் அப்படியே இருந்தது. ஸ்டெப்புகளுக்குப் பெயர் வையுங்கள், பாஸ்வேர்டை உள்ளே எழுதாதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பச்சை டிக்கை நம்புவது

எக்செல் டேபிளின் வரிகளைப் படிக்கும் ஸ்டெப்பான ஆக்‌ஷன், நாம் எதையும் மாற்றாவிட்டால் முதல் 256 வரிகளோடு நின்றுவிடும். பிழை என்று எதுவும் வராது. 257-வது வரியில் இருப்பவர் ஃப்ளோவைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

நான் கட்டியபோது பட்டியலில் சுமார் 140 பேர். எல்லோருக்கும் மெயில் போனது, மேலாளரிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு வருடத்தில் பட்டியல் முந்நூறைத் தாண்டியது. புதுப் பெயர்கள் எப்போதும் அடியில்தானே சேரும்? அதனால் விடுபட்டவர்கள் அத்தனை பேரும் புது வாடிக்கையாளர்கள், ஒரு நினைவூட்டல்கூடப் பார்க்காதவர்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "இவங்க யாருக்குமே மெயில் போகலையே சார்" என்றார். "ஃப்ளோ ஒழுங்காத்தான் ஓடுது" என்று சாதித்தேன். ஃப்ளோ ஓடிய ஒவ்வொரு முறையும் பதிவாகும் ரன் ஹிஸ்டரியைத் திறந்து, பிழையில்லாமல் முடிந்ததற்கான பச்சை டிக்குகளையும் காட்டினேன். அவர் டிக்கைப் பார்க்கவில்லை; ஒவ்வொரு வரிக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் லூப்பின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். 256. முந்தைய வாரத்தைத் திறந்தோம், 256. அதற்கு முந்தைய வாரமும் 256. வாராவாரம் மாறும் பட்டியலுக்கு மாறாத எண்! இதை நான் அல்லவா கவனித்திருக்க வேண்டும்? இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஹிஸ்டரியில் 28 நாள்தான் இருக்கும் என்பதால், எப்போதிலிருந்து விடுபட்டது என்று கண்டுபிடிக்க அனுப்பிய மெயில்களை ஒவ்வொன்றாகத் துழாவினேன். இரண்டு நாள் போனது.

அந்த ஆக்‌ஷனின் செட்டிங்ஸில் பேஜினேஷனை (வரிகளைப் பகுதி பகுதியாகத் தொடர்ந்து படிக்கும் வசதி) ஆன் செய்து, பட்டியல் எவ்வளவு வளர்ந்தாலும் எட்டாத ஒரு எண்ணைக் கொடுங்கள். படித்து முடித்த பிறகு ஃபில்டர் போடுவதால் பயனில்லை, வெட்டு அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட் தளத்தில் வைக்கும் பட்டியலிலும் இதே கதைதான், அங்கே 100-லேயே நிற்கும்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. பட்டியலில் எத்தனை, அனுப்பியது எத்தனை என்று கடைசி ஸ்டெப்பில் எனக்கே ஒரு மெயில் வரும்படி வைத்தேன். முதல் முயற்சியில் இரண்டு எண்ணையும் அதே ஆக்‌ஷனிலிருந்து எடுத்துத் தொலைத்தேன். 256-க்கு 256, பிரமாதம்! இப்போது மொத்த எண்ணிக்கையை எக்செலிலேயே ஃபார்முலா போட்டு, தனியாக ஒரு வரி டேபிளில் வைத்து, அங்கிருந்து படிக்கிறேன்.

புதியவரிடம் இதைச் சொன்னதும், "இப்ப தொண்ணூறு பேர்தானே இருக்காங்க?" என்றார். பேசாமல் செட்டிங்ஸைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

தன்னையே கூப்பிடும் ஃப்ளோ

பட்டியலில் ஒரு ஐட்டம் மாறினால் ஓடு என்று, ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் ட்ரிகரை வைக்கிறீர்கள். உள்ளே அதே ஐட்டத்தில் 'முடிந்தது' என்று எழுதுகிறீர்கள். அதுவும் மாற்றம்தானே? மறுபடி ஓடும், மறுபடி எழுதும். நிலை ஏற்கெனவே 'முடிந்தது' என்றால் ஓடாதே என்று ட்ரிகரிலேயே நிபந்தனை போட்டுவிடுங்கள்.

நேரம்

ஃப்ளோ ஓட வேண்டிய நேரத்துக்கு டைம் ஸோன் குறிக்காவிட்டால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் நேரம் அல்ல.

நிஜ முகவரிகளை வைத்துச் சோதிப்பது

வேண்டாம்.

ஒப்புதலுக்குக் காத்திருப்பது

ஒரு ரன் அதிகபட்சம் 30 நாள்தான் காத்திருக்கும். ஒப்புதல் தர வேண்டியவர் நீண்ட விடுப்பில் போனால் ரன் பாதியில் முடிந்துவிடும். சில நாளில் பதில் வராவிட்டால் இன்னொருவருக்குப் போகும் வழியை முதலிலேயே வையுங்கள்.

சொந்த அக்கவுண்டில் கட்டுவது

மெயில், எக்செல் என ஃப்ளோ நுழையும் ஒவ்வொரு சேவைக்குமான கனெக்‌ஷனும் யாரோ ஒருவருடைய பெயரில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய் அக்கவுண்ட் மூடப்பட்டால் ஃப்ளோவும் படுத்துவிடும். இணை உரிமையாளர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அவரால் ஃப்ளோவைத் திறந்து திருத்த முடியும், அவ்வளவுதான். கனெக்‌ஷனை அவர் தன் பெயருக்கு மாற்றும்வரை எதுவும் ஓடாது. முக்கியமான ஃப்ளோக்களுக்கு ஐடி பிரிவிடம் ஒரு பொது அக்கவுண்ட் கேட்டு வாங்குங்கள். கொடுக்க இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.