வெயிலில் வெளுக்கும் டேஷ்போர்டு: நெல்லைக் கார்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

காருக்கு வெளியே சின்னக் கீறல் விழுந்தால் அன்றைக்கே டிங்கரிங் கடைக்கு ஓடுகிறோம். உள்ளே டேஷ்போர்டு வெளுத்து, விறைத்து, ஓரத்தில் வெடிக்கும்வரை கண்ணில் படுவதே இல்லை. பட்டதும் என்ன செய்கிறோம்? ஒரு பாலிஷ் பாட்டில் வாங்கிவந்து பளபளவென்று தேய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். என் கட்சி வேறு. நிழல்தான் முதல் வைத்தியம், அழுக்கெடுப்பது இரண்டாவது, பாலிஷ் கடைசி. செய்கிற வரிசை மட்டும் வேறு, அழுக்கிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் கார்களை நிறுத்திச் சூட்டை அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்த நாட்களில், ஒரே மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரிக்குப் போயிருந்தது. ஸ்டீயரிங் 53, சீட் 51. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48தான். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 38 டிகிரி என்பது செய்தியே இல்லை. ஆக நம் ஊர்க் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்.

முன் கண்ணாடி இரண்டு அடுக்கு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி ஒற்றை அடுக்கு, அந்த அளவுக்குத் தடுக்காது. அதனால் டேஷ்போர்டின் நடுப்பகுதிக்குப் பெரிய எதிரி சூடு. இரண்டு ஓரங்களுக்கும் கதவுப் பட்டைக்கும் சூட்டோடு கதிரும் சேர்ந்துகொள்கிறது. வினைல் மேல்தோல் போட்ட டேஷ்போர்டு என்றால், அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, முன் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக ஒரு மங்கல் ஒட்டினால், அதில் ஒரு பங்கு உங்கள் டேஷ்போர்டுதான். ராத்திரி நாங்குநேரி நாலுவழிச் சாலையில் எதிர்லைட் கலங்கித் தெரிவதற்கும் அது ஒரு காரணம்.

படி 1: என்ன நிலை என்று பாருங்கள்

காலையில் வெயில் ஏறுமுன் பாருங்கள். சூடான டேஷ்போர்டில் எந்த வேலையும் கூடாது, தண்ணீர் காய்ந்து திட்டாகிவிடும். ஸ்பீக்கர் சல்லடையின் ஓரம், ஏசி வென்ட்டின் மூலை, ஏர்பேக் மூடியின் கோடு: விரிசல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். நிறம் மட்டும் மங்கியிருந்தால் கீழே உள்ளது போதும். தொட்டால் விரல் ஒட்டுகிறது என்றால் மேலே பூசிய ரப்பர் பூச்சே கெட்டிருக்கிறது. அதன்மேல் எதையும் பூசாதீர்கள், இன்னும் ஒட்டும். அதைத் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது.

படி 2: தூசியைத் தேய்க்காமல் எடுங்கள்

ஆடிக் காற்றில் திசையன்விளை, உவரிப் பக்கம் போய்வந்த காரைத் திறந்தால் தேரிச் செம்மண் மெல்லிசாகப் படிந்திருக்கும். பார்க்கப் பவுடர் மாதிரி இருந்தாலும் அது மணல். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அத்தனையும் கீறல். பெயின்ட் கடையில் கிடைக்கும் மென்மையான புதுப் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் வேக்யூம் குழாய். மேலிருந்து கீழே, வென்ட் இடுக்குகள் உட்படத் தட்டித் தட்டி உறிஞ்சுங்கள். வேக்யூம் இல்லையா, கதவுகளைத் திறந்துவைத்துப் பிரஷால் தட்டிவிடுங்கள், போதும்.

படி 3: துடையுங்கள்

ஒரு மக் தண்ணீரில் சில சொட்டுக் கார் ஷாம்பு. மைக்ரோ ஃபைபர் துணியை முக்கி, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து துடையுங்கள். டேஷ்போர்டில் நேரே எதையும் ஊற்றவோ அடிக்கவோ வேண்டாம். சுவிட்சுக்குள்ளும் ஸ்கிரீனுக்குள்ளும் இறங்கிவிடும். அடுத்து வெறும் தண்ணீர்த் துணி, அதன்பின் காய்ந்த துணி. பாத்திர சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்குகிறவர்களும் உண்டு. இரண்டே நாளில் தூசி அப்பி, ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

நம் ஊர்க் கார்களுக்கென்று தனி அழுக்கு ஒன்று இருக்கிறது: பூஜை அழுக்கு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்தால் கறையாகும். எலுமிச்சம்பழத்தை வெட்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், சாறு கறைவிடும். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். பிள்ளையாரை ஒட்டிய டேப்பைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, மெல்லிய நைலான் நூலை அடியில் கொடுத்து அறுப்பதுபோல இழுத்தால் பிள்ளையார் சேதமில்லாமல் எழுந்துவிடுவார். சென்ட் பாட்டில் இன்னும் மோசம். சிந்தினால் அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

படி 4: பாதுகாப்புப் பூச்சு

கடையில் கேட்டால் முதலில் கையில் தருவது பளபளப்பு பாலிஷ்தான். "அண்ணாச்சி, புதுக் கார் மாதிரி மின்னும்" என்பார்கள். மின்னும்தான், அந்த மினுக்கு முன் கண்ணாடியில் எதிரொளித்து உங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும். தண்ணீர் கலப்பில் செய்த, மினுக்கம் இல்லாத, புற ஊதாத் தடுப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். துணியில் கொஞ்சம் எடுத்து, முதலில் கண்ணில் படாத ஓரத்தில் பூசிப் பாருங்கள். பிறகு மெல்லிசாக எல்லா இடத்திலும் பூசி, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஸ்டீயரிங், கியர் குமிழ், பெடல் இவற்றில் பூசக்கூடாது, வழுக்கும்.

படி 5: நிழல்

முன் கண்ணாடிக்கு உள்பக்கம் விரிக்கும் வெள்ளிநிற சன் ஷேடுதான் கொடுத்த காசுக்குக் கிடைக்கும் பெரிய லாபம். மினுங்கும் பக்கம் வெளியே பார்க்கட்டும். கண்ணாடியின் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதாக வாங்குங்கள். ஓரத்தில் நாலு விரல் இடைவெளி விட்டால் அந்த நாலு விரலும் வேகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனால் டேஷ்போர்டுக்குப் பெரிய நன்மை இல்லை, வெயில் நேரே அதன்மேல்தானே விழுகிறது.

நிறுத்தும் திசையிலும் விஷயம் இருக்கிறது. நம் ஊருக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மதிய வெயில் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் பகல் முழுக்க நிறுத்துகிறவர்கள் அந்த மாதங்களில் காரின் முகம் தெற்கே பார்க்கும்படி விடலாம். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கே பார்த்து. மதியத்துக்குமேல் மட்டும் நிறுத்துவதானால் கிழக்கே பார்க்க விடுங்கள். முழுசாகத் தப்பாது, ஆனால் குறையும். மேற்கே பார்த்து விட்டால் சாயங்கால வெயில் படுத்தபடியே உள்ளே வரும், அதுதான் மிகக் கெடுதல்.

வேம்பும் புளியும் நல்ல நிழல். காக்கை எச்சம் விழுமே என்றால், எச்சத்தைக் கழுவிக்கொள்ளலாம். தென்னை மட்டும் வேண்டாம். நிழலும் இருக்காது, மட்டை விழுந்தால் கண்ணாடியும் இருக்காது.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால், முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்ற விதியை நினைவில் வையுங்கள். 2012இல் உச்ச நீதிமன்றமே கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக உத்தரவிட்டிருக்கிறது.

ஏற்கெனவே வெடித்துவிட்டதா?

வெடிப்பைப் பாலிஷ் மூடாது. பசை போட்டு நீங்களே அடைத்தாலும் அடுத்த அக்னி நட்சத்திரத்தில் பக்கத்தில் பிளக்கும். சீட் கவர் தைக்கும் கடையில் மேல்தோல் மாற்றித் தருவார்கள். செலவு பார்த்தால், உங்கள் மாடலுக்கென்று வெட்டிய துணி விரிப்பு போதும். பக்கத்து சீட்டுக்கு முன்னால் ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் அதை ஒட்டவோ, தோலை இழுத்துத் தைக்கவோ விடாதீர்கள். விபத்தில் அந்த மூடி தடையில்லாமல் திறந்தாகவேண்டும். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.