வழவழப்பு வெறும் அழுக்கு அல்ல

எங்கள் வேளச்சேரி குடியிருப்பின் மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் உள்ளே கைவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தேன். விளக்கெண்ணெய் பூசியதுபோல் வழுக்கியது. “பாசிதான் அம்மா, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் போய்விடும்” என்றார். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். மூடிய தொட்டியின் இருட்டில் படிந்திருந்தது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம், அதாவது பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பிசினுக்குள் நெருக்கமாகக் குடியிருக்கும் இடம் அது. ஊற்றும் குளோரின் மேல் அடுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், அடியில் இருப்பவை தப்பிக்கும். முதலில் நார் பிரஷ்ஷால் சுவர் முழுவதையும் அழுத்தித் தேய்க்க வேண்டும், குளோரின் அதற்குப் பிறகுதான். தேய்க்காமல் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். இப்படிப் படலத்தில் கூட்டமாக வாழும் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று சொன்னதும் மாணவர்கள், அவை கூடித் திட்டம் தீட்டுவதாக எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மூலக்கூறைச் சமிக்ஞையாகக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. செல்கள் சிலவே இருந்தால் அது தண்ணீரில் கரைந்து மறைந்துவிடும். கூட்டம் பெருகினால் அதன் செறிவு ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் அது ஏற்பிப் புரதத்தில் பொருந்தி, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கும். சங்கக் கூட்டத்தில் கோரம், அதாவது குறைந்தபட்ச எண்ணிக்கை, சேர்ந்தால்தான் தீர்மானம் செல்லும் அல்லவா? அதை வைத்தே 1994-இல் இதற்குக் ‘கோரம் சென்சிங்’ என்ற பெயர் வந்தது. இதன் முதல் தடயங்களில் ஒன்றை 1970-இல் ஒளிரும் கடல் பாக்டீரியாக்களில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் குழுவினர் கண்டார்கள். கூட்டம் அடர்ந்த பிறகே அவை ஒளிர்ந்தன.

இங்கேதான் சென்னைக்காரர்களுக்கே உரிய ஒரு குழப்பம். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்க் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதை இதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அது நாக்டிலூகா என்ற ஒருசெல் மிதவை உயிரி, பாக்டீரியாவே அல்ல. அலை மோதும் அதிர்வில் அது மின்னும், அதற்குக் கூட்டம் சேர வேண்டியதில்லை.

இதைவிட ஆழமான தவறு, சமிக்ஞை ஏறினால் படலம் வளரும், நோயும் முற்றும் என்று சூத்திரமாக மனப்பாடம் செய்வது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் இது ஓரளவு பொருந்தும். சமிக்ஞை இழந்த வகை மெல்லிய, தட்டையான படலத்தையே கட்டுகிறது என்று 1998-இல் காட்டினார்கள். காலராக் கிருமியிலோ நிலைமை நேர் எதிர். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது படலம் கட்டி நச்சைச் சுரக்கிறது. கூட்டம் பெருகியதும் இரண்டையும் நிறுத்திக்கொண்டு கலைகிறது. குடலை விட்டு வெளியேறி அடுத்த ஆளைத் தேட வேண்டிய கிருமிக்கு அதுதான் வசதி. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலும் சமிக்ஞை ஏறும்போது படலம் கரைந்து, நச்சுகள் கூடுகின்றன. ஆகவே சமிக்ஞையைத் தடுத்தால் எல்லா நோயும் அடங்கும் என்று எழுதுவது ஆபத்தான அவசரம்.

என் அப்பாவுக்குச் சிறுநீர் வடியக் குழாய் (கதீட்டர்) வைத்திருந்த நாட்களில் காய்ச்சல் வந்தது. பரிசோதனை ரிப்போர்ட்டில் புரோட்டியஸ் கிருமி, அதற்கு மருந்து கேட்கும் என்றும் இருந்தது. அப்படியானால் மாத்திரை போதுமே, குழாயை எதற்கு மாற்ற வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சோதனை, சிறுநீரிலிருந்து எடுத்துப் புதிதாக வளர்த்த கிருமியின் மீது செய்யப்படுவது, குழாயில் ஒட்டியிருக்கும் படலத்தின் மீது அல்ல. படலத்தின் அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. கிருமிகள் வளராமல் முடங்கிக் கிடக்கும். வளரும் செல்லைத் தாக்கும் மருந்து அவற்றைத் தொடாது. இதை எதிர்ப்புத்திறன் என்று சொல்வதும் தவறு, தாக்குப்பிடித்தல் என்பதே சரி. அதே கிருமியைப் படலத்திலிருந்து பிரித்து வளர்த்தால் மருந்து மறுபடியும் கேட்கும். கழற்றிய குழாயை மருத்துவர் வெட்டிக் காட்டினார். பழைய வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிந்ததுபோல் உட்புறம் வெள்ளையாகச் சொரசொரத்தது. புரோட்டியஸ் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மையாக்குவதால் உப்புகள் படிகமாகி, படலத்தோடு சேர்ந்து இறுகிவிடுகின்றன.

குழாய் வைத்தவருக்குக் காய்ச்சலோ வலியோ இல்லாமல் சிறுநீரில் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. பயந்து மருந்து கேட்டு வாங்குகிறோம். அதில் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான்.

அந்த வாரமே சித்தி, கிருமிகளின் பேச்சை மஞ்சள் துண்டிக்கும் என்று ஒரு செய்தி அனுப்பினார். சோதனைக்கூடத் தட்டுகளில் மஞ்சளில் உள்ள குர்க்குமின் சமிக்ஞைகளைத் தடுத்தது உண்மை. ஆனால் நாம் விழுங்கும் மஞ்சளில் மிகச் சிறு பகுதிதான் இரத்தத்தில் சேர்கிறது. குழாய்க்குள் உப்பும் பிசினுமாக இறுகிவிட்டதை மஞ்சள்பால் கரைத்திருக்காது, அப்பாவுக்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.