உங்கள் ஊர் ரயில் ஸ்ரேசனின் கதையை எழுதுவது எப்படி?

எங்கள் வீட்டுப் படலையின் இடப்பக்கத் தூண் ஒரு தண்டவாளத் துண்டு. 2010இல் மாங்குளத்தில் மீளக் குடியேறியபோது வளவில் எஞ்சியிருந்தவை கிணற்றுக்கட்டும், போர்க்காலத்துப் பதுங்குகுழியான, மண் சரிந்த ஒரு பங்கரும், அந்தப் பங்கரின் கூரையைத் தாங்கிக் கிடந்த இந்த இரும்பும்தான். தம்பி அதை இழுத்து வந்து படலையோரம் நட்டான். பல வருடங்கள் அதை நான் தூணாகவே பார்த்தேன். ஒரு நாள் மாலை என் பேத்தி அதன் நடுப்பகுதியில் ஒரு தாளை ஒட்டிப் பிடித்து அடுப்புக் கரியால் தேய்த்தாள். துருவுக்குள் மறைந்திருந்த எழுத்துகள் தாளில் கறுப்பாக எழுந்தன. கடைசியில் ஒரு வருடம். 19 என்பது தெளிவாக இருந்தது. அடுத்த இரண்டு இலக்கங்கள் தேய்ந்திருந்தன.

முப்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்தவள் நான். வடபகுதி இருப்புப்பாதையைப் பற்றி வகுப்பில் இரண்டு வரிக்கு மேல் சொன்னதில்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி ஆகிய மூன்று ஸ்ரேசன்களின் கதையைச் சேர்க்கத் தொடங்கினேன். வேறு ஊர்ப் பிள்ளைகள் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். எனக்குக் கைகொடுத்த முறையை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எலும்புக்கூட்டை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902 மார்ச்சில் ரயில் ஓடியது. 1905 ஆகஸ்ட் 1 அன்றுதான் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே பாதை முழுமையானது. பலர் 1902ஐயே வன்னிக்கும் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த மூன்று வருடமும் குடாநாட்டு ரயில் தனியாக ஓடியது. நடுவில் கிடந்த எங்கள் காடு கடைசியாகத்தான் இணைந்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் பாதை 1914இல் வந்தது. யாழ்தேவி ரயில் 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே எல்லாம் நின்றது. பிறகு 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் என்று திரும்பி வந்தது. ஓமந்தைக்கும் பளைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 90 கிலோமீற்றரில் பழைய தண்டவாளம் எஞ்சியிருக்கவில்லை. அத்தனையும் புதிதாகப் போடப்பட்டது. இந்தத் திகதிகள் எல்லோருக்கும் பொது. உங்கள் ஸ்ரேசனின் கதை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது.

அடுத்தது இரும்பு. தண்டவாளமும், அதன் கீழ் குறுக்கே கிடந்த சிலிப்பர் கட்டையும் எங்கே போயின என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அவை பங்கர்களின் கூரையாகி எங்கள் தலைகளைக் காத்தன. இன்று படலைத் தூணாக, வாய்க்காலின் மேல் பாலமாக, மாட்டுக்கொட்டில் வளையாக இருக்கின்றன. நிற்கும் தண்டவாளத்தின் பக்கவாட்டை, தலைக்கும் அடிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பகுதியை, தேங்காய்ப்பொச்சால் நன்றாகத் தேயுங்கள். உருக்கிய ஆலையின் பெயரும் உருட்டிய வருடமும் புடைத்த எழுத்தில் அங்கே இருக்கும். ஒரு கெஜத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற எடையும் சில துண்டுகளில் கிடைக்கும். மெல்லிய தாளை வைத்துக் கரியால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாததும் வரும். அது இரும்பு பிறந்த வருடம். உங்கள் ஊரில் பதித்த வருடம் அல்ல. பழுதான தண்டவாளத்தை இடையிடையே மாற்றியிருப்பார்கள். ஆகவே பத்துத் துண்டுகளையாவது படியெடுத்து, எது யாருடைய வளவில் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரும்பைத் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்ணைக் கிண்ட வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை இல்லாத இடம் என்பதற்காக அதைத் துப்புரவான இடம் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் நடமாடும் வளவிலும், மக்கள் நாளும் நடக்கும் பாதையிலும் உள்ளதே உங்களுக்குப் போதும். ஓடுகின்ற பாதையின் மேல் நடக்கவும் கூடாது.

ரிக்கெட் கிடைத்தால் அது பெரும் பேறு. இடப்பெயர்வுகளில் எங்கள் வீடுகளின் கடதாசிகள் எல்லாம் அழிந்தன. அதனால் கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவுகளிடம் கேளுங்கள். முன்பே வெளியேறியவர்களின் அல்பத்துக்குள் செருகிக் கிடக்கும். பழைய ரிக்கெட் 57க்கு 30 மில்லிமீற்றர் அளவான தடித்த மட்டை. பல நாடுகளின் ரயில்களுக்கும் பொதுவாகிவிட்ட இந்த வடிவத்தை இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்ரேசன் மாஸ்ரர் தொடங்கினார். திகதி மங்கியிருந்தால் மட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். அழுத்திய தடம் தெரியும். வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்ரேசனில் ஒரே ஊருக்கு வாங்கிய இரண்டு ரிக்கெட்டுகள் கிடைத்தால், திகதிகளுக்கு இடையே எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து அந்த ஊருக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை ஓரளவு மதிப்பிடலாம்.

இனி மனிதர்கள். நேரத்தில் முக்கால் பங்கை இங்கேயே செலவிடுங்கள், ஏனென்றால் தாள் காத்திருக்கும், முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நான் சந்திக்க நினைத்திருந்த ஒரு ஆச்சி, நான் போவதற்கு இரண்டு கிழமை முன் போய்விட்டார். அவருடைய கணவர் கடவைக் காவலாளியாக இருந்தவர். அந்தக் கடவையின் கதை அவரோடு போனது.

"எந்த வருடம்?" என்று கேட்காதீர்கள். விவசாயிகளின் நினைவு வருடத்தில் நிற்பதில்லை. "காலபோக நெல் வெட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். "64ஆம் ஆண்டுப் புயல் அடித்தபோது நீங்கள் எவ்வளவு உயரம்?" என்று கேளுங்கள். 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்ட காலம், 77 கலவரத்தில் மலையகக் குடும்பங்கள் வந்து சேர்ந்த காலம், 83 கலவரம், 1995இன் பெரிய இடப்பெயர்வு என்று ஒரு சிறு அட்டவணை கையில் இருந்தால், அவர்கள் சொல்லும் எதையும் அதற்குள் பொருத்திவிடலாம். இஞ்சினும் காலம் சொல்லும். "கனடா இஞ்சின்" என்று ஒருவர் சொன்னால் அந்த நினைவு 1954க்குப் பிற்பட்டது. கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா கொடுத்த டீசல் இஞ்சின்கள் அந்த ஆண்டுதான் இலங்கைக்கு வந்தன. கரி இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்ததைச் சொன்னால் அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

ரயிலுக்குக் "கோச்சி" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "புகையிரதம்" என்றால் அவர்கள் அதிகாரியிடம் பேசுவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து சுருக்கமாகப் பதில் சொல்வார்கள். "கோச்சி" என்றால் சிரித்துவிட்டுத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: "கோச்சியில் என்ன ஏறியது, என்ன இறங்கியது?" இருப்புப்பாதையும் இரணைமடுக் குளமும் எங்களிடம் ஒரே காலத்தில் வந்தவை. குளத்தின் வேலை 1902இல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் நடந்தது. கனகராயன் ஆற்றை மறித்த அந்தத் தண்ணீரை நம்பி 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. விளைந்தது வெளியே போக வழி வேண்டுமே, அந்த வழிகளில் ஒன்று இந்தப் பாதை. மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுத் தெருவும், மேற்கே துணுக்காய், மல்லாவித் தெருவும் வந்து சேர்கின்றன. வெட்டு முடிந்த கிழமைகளில் ஸ்ரேசன் வாசலில் இரவு முழுக்க வண்டில்கள் நின்றதையும், மாடுகளை அவிழ்த்து வாகை மரத்தில் கட்டிவிட்டு நெல் மூட்டைகளின் மேல் படுத்ததையும் ஒரு அப்பு எனக்குச் சொன்னார். ஆனையிறவுக்காரரிடம் உப்பைப் பற்றிக் கேளுங்கள். பரந்தன்காரரிடம் இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றிக் கேளுங்கள். முறிகண்டியில் பிள்ளையார் கோயிலில் இருந்து தொடங்கினால் போதும், கச்சான் விற்றவர்கள் வரை எல்லாம் வரும்.

கைகளைப் பாருங்கள். புளியங்குளத்தில் ஒரு ஐயா, ஸ்ரேசனில் வேலை செய்தவர், "ரப்ளட்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அதை விளக்க முடியாமல் திணறினார். பிறகு எழுந்து முற்றத்துக்கு வந்து வலது கையை நீட்டி, முழங்கையைச் சற்று மடக்கி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி நின்றார். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்ரேசன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் போகலாம். அதற்கான அனுமதிதான் "ரப்ளட்" என்ற வட்டத் தகடு. ஒரு ஸ்ரேசனின் பெட்டியிலிருந்து தகட்டை எடுத்துவிட்டால், அது திரும்பி வைக்கப்படும் வரை இரண்டு ஸ்ரேசன்களின் பெட்டிகளும் இன்னொன்றைத் தராது. தகட்டைப் பெரிய வளையத்தில் கோத்துச் சாரதியிடம் கொடுப்பார்கள். கோச்சி நிற்காமல் போகும்போது ஓடுகிற இஞ்சினிலிருந்து பழைய வளையத்தைக் கையில் வாங்கி, புதியதை நீட்ட வேண்டும். "கை நேராக இருந்தால் தோள் கழன்றுவிடும் பிள்ளை" என்றார். ஒலிப்பதிவு மட்டும் செய்திருந்தால் இதை இழந்திருப்பேன். இப்போது வீடியோவாகவே எடுக்கிறேன், அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு.

யார் தண்டவாளத்தைக் கழற்றினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஒரு வீட்டையும் நிம்மதியாக விடாத கேள்வி. அந்த இரும்பின் கீழ் யாரெல்லாம் இருந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வார்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடியுங்கள், அன்று அதோடு போதும்.

தாளைத் தேடுவது கடைசி வேலை. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நிர்வாக அறிக்கைகளும் வர்த்தமானிகளும் இருக்கின்றன. தனியார் காணி பாதைக்காக எடுக்கப்பட்டிருந்தால் 1876ஆம் ஆண்டுக் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தலைத் தேடுங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளைப் பார்க்கலாம். தேடும்போது புகையிரதம், புகைவண்டி, றெயில், இருப்புப்பாதை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒரே பத்திரிகையே காலத்துக்குக் காலம் சொல்லை மாற்றியிருக்கும்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். சொன்னவரிடமே கொண்டுபோய் உரத்து வாசித்துக் காட்டுங்கள். மாங்குளத்து அப்புவுக்குக் கண் தெரியாது. அவருடைய கட்டிலருகே இருந்து ஆறு பக்கங்களையும் வாசித்தேன். வண்டில்கள் நின்ற இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "இல்லைப் பிள்ளை, வாகை கிணற்றுக்குத் தெற்கே. வடக்கே நின்றது புளி" என்றார். பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே திருத்தினேன்.