கேபினெட்டுக்குள் காற்று போகும் வழி

கேமிங் கணினி சூடாகிறது என்றதும் பெரும்பாலோர் முதலில் செய்வது இன்னும் இரண்டு ஃபேன் வாங்கி மாட்டுவதுதான். அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். வழக்கமாக ஆடும் விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டின் வெப்பநிலையையும், கூடவே அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டின், அதாவது கணினியின் பாகங்கள் அடங்கிய பெட்டியின், பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, அதே விளையாட்டை அதே நேரம் ஆடுங்கள். இரண்டு மூன்று டிகிரி மட்டும் இறங்கினால் காற்றோட்டத்தில் பெரிய குறையில்லை; கூலரையோ (ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் பாகம்), இரண்டுக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட்டையோ, எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற அமைப்புகளையோதான் சந்தேகிக்க வேண்டும். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அப்போது பக்கக் கதவை மூடிவிட்டு முன் பலகையை மட்டும் கழற்றி மூன்றாவது முறை பாருங்கள். அதிலும் அதே அளவு இறங்கினால் உள்ளே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. (கண்ணாடிக் கதவைக் கழற்றினால் மெத்தை மேல் வையுங்கள். டைல்ஸ் தரையில் அதன் ஒரு முனை லேசாக இடித்தாலே முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும்.)

ஃபேன்களைக் கூட்டிக்கொண்டே போவதில் ஏன் பயனில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு 200 வாட், ப்ராசஸர் 90 வாட், மற்றவை 60 வாட் என மொத்தம் 350 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. நிமிடத்துக்கு 50 கன அடி காற்று கேபினெட்டைக் கடந்தால், உள்ளே நுழைந்ததைவிட ஏறத்தாழ 13 டிகிரி கூடுதல் சூட்டோடு அது வெளியேறும். 100 கன அடி என்றால் கூடுவது 6.5 டிகிரி, 200 கன அடி என்றால் 3 டிகிரிக்குச் சற்று மேல். முதல் இரட்டிப்பில் கிடைத்த லாபம் இரண்டாவது இரட்டிப்பில் பாதியாகிவிடுகிறது, இரைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மேலும், ஃபேன் வரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு திறந்த வெளியில் எடுத்தது. தூசி வடிகட்டிக்கும் தகட்டுத் துளைகளுக்கும் பின்னால் அதே ஃபேன் அதில் பாதியைக்கூடத் தள்ளாமல் போகலாம். முன்புறம் முழுவதும் கண்ணாடியாக இருந்து ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று விட்டிருக்கும் கேபினெட்டில் மூன்று வண்ண விளக்கு ஃபேன்களைப் பொருத்துவதைவிட, வலைமுகப்பு உள்ள கேபினெட்டில் இரண்டு சாதாரண ஃபேன்களைப் பொருத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அமைப்பு முறையில் ரகசியம் எதுவுமில்லை. முன்னால் இரண்டு அல்லது மூன்று ஃபேன்கள் காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்னால் ஒன்று வெளியேற்ற வேண்டும். இதுவே பெரும்பாலான கணினிகளுக்குப் போதும். மேலே ஒன்று சேர்ப்பதானால் பின்பக்கத்தை ஒட்டிய இடத்தில் சேருங்கள். மேற்கூரையின் முன்பாதியில் வெளியேற்றும் ஃபேனை வைத்தால், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்று ப்ராசஸர் கூலரை எட்டுமுன்பே மேலே ஏறிப் போய்விடும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுதியாக இருப்பது நல்லது. அப்போது காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே நுழையும். இல்லையேல் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசியை உறிஞ்சிக்கொண்டு வரும்.

ஃபேனின் திசையை நான் ஒருமுறை மாற்றி மாட்டி, பின் ஃபேனும் காற்றை உள்ளே இழுப்பது தெரியாமல் ஒரு கோடை முழுவதையும் ஓட்டியிருக்கிறேன். வழக்கமான ஃபேனில் இறக்கைகள் திறந்து தெரியும் முகம் காற்றை இழுக்கும். நடு மோட்டாரைத் தாங்கும் நான்கு கைகள் தெரியும் முகம் வெளியே தள்ளும். அழகுக்காகத் தலைகீழ் இறக்கையோடு வருபவற்றில் இது மாறும் என்பதால், சட்டத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அருகில் பிடித்தால் புகையே வழி காட்டிவிடும். சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை யார் சொல்படி மாற்றுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கேபினெட் ஃபேன்கள் பெரும்பாலும் ப்ராசஸரின் வெப்பநிலையைப் பின்பற்றும்படி விடப்பட்டிருக்கும். ஒரு பிரௌசரைத் திறந்தாலே ப்ராசஸர் நொடியில் இருபது டிகிரி ஏறி இறங்குவதால் ஃபேன்கள் காரணமில்லாமல் உறுமி அடங்கும். விளையாட்டின்போதோ பெருவெப்பத்தைக் கொட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸில் இயங்கும் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கேபினெட் ஃபேன்களைக் கார்டின் வெப்பநிலையோடு இணைத்து, 50 டிகிரி வரை மெதுவாகவும் 75 டிகிரியில் ஏறக்குறைய முக்கால் வேகத்திலும் ஓடும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைக் கண்டு அநாவசியமாகப் பதறவும் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பல ப்ராசஸர்கள் முழுப் பளுவில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. கிராஃபிக்ஸ் கார்டு 70 முதல் 80 டிகிரிக்குள் நிற்பது இயல்பு. நம் ஊர்க் கோடையில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, குளிரூட்டிய அறையில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டுக் குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. அத்தகைய அறைக்கு நல்ல மருந்து வெப்பத்தையே குறைவாக உண்டாக்குவதுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 விழுக்காடாக்கினால், 200 வாட் கார்டு 160 வாட்டில் நிற்கும்; நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் சரிவதில்லை, ஆடும்போது பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

இவ்வளவும் செய்துவிட்டு, கணினி மேசையில் சிபியு வைக்க என்று அடைத்துக் கட்டியிருக்கும் மரப்பொந்துக்குள் கேபினெட்டைத் தள்ளிவிடாதீர்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதித் திரும்பி முன்வாசல் வழியாகவே மறுபடி நுழையும். வெளியே எடுத்து, பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கீழ்நோக்கி இருந்தால் தரைவிரிப்பின் மேல் வைக்காதீர்கள்.

வடிகட்டிகளை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரின் தகடுகளுக்கு இடையே படிந்த தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அப்போது ஃபேன் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடாதபடி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் சோதனையில் குறித்த எண்களை ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதி, கேபினெட்டின் மறுபக்கக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது, அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு ஒப்பிட அதுவே போதும்.