பள்ளிக் கட்டட ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யும் வேலை வேகம் பிடித்தது. புதிதாக வரும் இன்ஜினியர்களுடன் போகும்போது, ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். டேப், டார்ச் மறந்து போவதை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

மாடி ஏறாமல் கூரையைப் பற்றி எழுதுவது

"உட்கூரைப் பூச்சு பெயர்ந்துள்ளது, மறுபூச்சு தேவை." இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்றும் கோபம் வரும். நானே எழுதிய வரி அது. ஒரு தொடக்கப் பள்ளி. மாடிக்குப் படி இல்லை. ஏணி கொண்டுவரச் சொல்லாமல் கீழிருந்தே எழுதிக் கொடுத்தேன். பூசி, வெள்ளையும் அடித்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. அதே மூலையில் முறம் அகலத்துக்குக் காங்கிரீட்டோடு பெயர்ந்து, முன் பெஞ்சு மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை.

அப்புறம்தான் ஏறிப் பார்த்தேன். மழைநீர்க் குழாய் வாயில் வேப்பஞ்சருகும் ஒரு ரப்பர் பந்தும் அடைத்திருந்தன. மேல்தளத்தில் தட்டோடு பதித்ததில், தண்ணீர் வடிவதற்கான வாட்டமும் (சரிவும்) சரியில்லை. தண்ணீர் தேங்கி நின்ற இடத்துக்கு நேர் கீழேதான் அந்த பெஞ்சு.

தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே கசிவை நிறுத்தாமல் கீழே பூசினால், விரிசல் சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கையை நாமே மறைக்கிறோம். முதலில் மாடி, பிறகு வகுப்பறை. உட்கூரையைச் சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அங்கே உதிர்த்து, கம்பியில் மிச்சமிருக்கும் விட்டத்தை அளந்து எழுதுங்கள்.

ரீபவுண்ட் ஹேமர் எண்ணை அப்படியே நம்புவது

காங்கிரீட்டில் மோதித் துள்ளும் அளவை வைத்து அதன் பலத்தைக் கணிக்கும் கருவி இது. கரியமில வாயு ஏறிய பழைய காங்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போயிருக்கும். உள்ளே பலம் இல்லாவிட்டாலும் ஹேமர் எண் நன்றாகவே வரும். உடைத்த முகத்தில் பினாப்தலீன் (காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் கரைசல்) தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால், துருவைத் தடுக்கும் தன்மை அங்கே போய்விட்டது.

கோடையில் மட்டும் போவது

ஐப்பசி மழையில் ஒரு தடவை போங்கள்.

கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் விட்டுவிடுவது

திருநெல்வேலியில் இடிந்தது வகுப்பறை இல்லை.