அறுந்த கம்பியும் 127 டிகிரியும்: லினக்ஸ் டிரைவரில் சென்சார் பழுதைக் காட்டுவது எப்படி

எல்எம்90 வகை வெப்பநிலை சிப்பில் வெளி டயோடின் (சிப்புக்கு வெளியே வெப்பத்தை உணரும் உறுப்பு) கம்பி அறுந்தால், அளவீட்டு ரெஜிஸ்டரில் (சிப்பின் உள் நினைவிடம்) 127 டிகிரி ஏறிவிடும். டிரைவர் (லினக்ஸின் மையமான கெர்னலில் சிப்போடு பேசும் நிரல்) அதை அப்படியே மேலே அனுப்பினால் மின்விசிறி முழு வேகம் எடுக்கும், கண்காணிப்பு நிரல் இயந்திரத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆனால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் (ஹெக்ஸ் 02) 2-ஆம் பிட்டில் (0-விலிருந்து எண்ணி) கம்பி அறுந்திருக்கிறது என்ற உண்மை இருக்கிறது. அதைப் பயனரிடம் சேர்ப்பது டிரைவரின் கடமை.

இதற்கென்று புதிய சிஸ்எஃப்எஸ் கோப்பு (கெர்னல் தன் தகவலைப் பயனருக்குக் காட்டும் கோப்பு) உருவாக்காதீர்கள். எந்தக் கருவியும் அதைப் படிக்காது. மெமரி பிழைக்கு ஈடிஏசி, பிசிஐஇ பிழைக்கு ஏஇஆர், நெட்வொர்க் கார்டுக்கு டெவ்லிங்க், சென்சாருக்கு ஹெச்டபிள்யூமான் என்று கெர்னலிலேயே வழிகள் (துணை அமைப்புகள்) ஏற்கெனவே உள்ளன.

ஹெச்டபிள்யூமானில் சேனல் விவரப் பட்டியலில் இன்புட் கொடியோடு ஃபால்ட் கொடியையும் சேருங்கள். விசிபிள் கால்பேக் (தேவைப்படும்போது கெர்னல் அழைக்கும் டிரைவரின் ஃபங்ஷன்) அதற்கு 0444 (படிக்க மட்டும் அனுமதி) தரட்டும், ரீட் கால்பேக் 0 அல்லது 1 தரட்டும். 'டெம்ப்2_ஃபால்ட்' கோப்பு தானாக வந்துவிடும்; 'சென்சார்ஸ்' கட்டளையும் எண்ணுக்குப் பதில் 'ஃபால்ட்' என்று காட்டும். ஃபால்ட் என்றால் அளவீட்டை நம்பாதே என்று பொருள். அலாரம் என்றால் அளவீடு சரி, வரம்பு மீறியிருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது. வரம்பை டிரைவரே ஒப்பிட்டு அலாரம் கிளப்புவதும் தவறு. சிப் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்.

பழுது இருக்கும்போது 'டெம்ப்2_இன்புட்' ஈநோடேட்டா ('தரவு இல்லை') பிழையைத் திருப்புவதே நல்லது. 0 அல்லது -1 அனுப்பினால், அலகு மில்லிடிகிரி என்பதால், அதுவும் ஒரு நியாயமான வெப்பநிலையாகவே படிக்கப்படும்.

பலரும் சறுக்கும் இடம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்தான். பல சிப்புகளில் அதைப் படித்த கணமே அலாரம் பிட்டுகள் அழிந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகப் படித்தால், மேல்வரம்பு அலாரத்தைக் கேட்டவர் கீழ்வரம்பு அலாரத்தைத் தெரியாமலே அழித்துவிடுவார். ஆகவே ஒரு மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரையே விடும் பூட்டு) ஒரே தடவை படித்து, எல்லா பிட்டுகளையும் டிரைவரின் தரவில் சேர்த்துவையுங்கள். எல்லா கோப்புகளும் அங்கிருந்தே பதில் சொல்லட்டும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் (சிப் அவசரக் குறிப்பு அனுப்பும்போது ஓடும் ஃபங்ஷன்) இதே பாதையில்தான் வர வேண்டும்.

ஐ2சி (சிப்பை இணைக்கும் இருகம்பித் தொடர்பு) பரிமாற்றம் தூங்கக்கூடியது, அதாவது முடியும்வரை காத்திருக்கும்; அதனால் த்ரெடட் இன்டரப்ட் (தனி த்ரெடில் ஓடும் ஹேண்ட்லர்) தேவை. லெவல் வகை லைனில் பழுது நீடிக்கும்வரை இன்டரப்ட் ஓயாது, ஒரு சிபியு அதிலேயே மாட்டிக்கொள்ளும். முதல் தடவையிலேயே சிப்பில் அதை மாஸ்க் செய்து (அடைத்து), டிலேட் வொர்க் (சற்றுக் கழித்து ஓடும் கெர்னல் வேலை) மூலம் நொடிக்கொரு முறை பார்த்து, பழுது நீங்கியதும் திறந்துவிடுங்கள். நிலை மாறும்போது மட்டும் 'ஹெச்டபிள்யூமான்_நோட்டிஃபை_ஈவென்ட்' அழைத்து, காத்திருக்கும் பயனர் நிரலை எழுப்புங்கள். பயனர் நிரல் முதலில் கோப்பை ஒருமுறை படித்துவிட்டு, போல் அழைப்பில் போல்ப்ரி (அவசர நிகழ்வு) கொடியோடு காத்திருக்க வேண்டும். எழுந்த பிறகு கோப்பின் ஆரம்பத்துக்கு எல்சீக் செய்து (வாசிப்பிடத்தை நகர்த்தி) மறுபடி படிக்க வேண்டும். முதல் வாசிப்பை விட்டால் போல் உடனே திரும்பிவிடும்.

கெர்னல் லாகில் ஒரு வரி போதும், அதையும் ரேட்லிமிட் (எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள) வகையில் எழுதுங்கள். இயல்பாக அது 5 நொடிக்கு 10 செய்திகளைத்தான் விடும்.

சோதிக்க ஐ2சி-ஸ்டப் மாட்யூல் (மென்பொருளிலேயே போலி சிப்பைத் தரும் கெர்னல் பகுதி) உதவும்: போலி சிப்பின் 2-ஆம் பிட்டை ஏற்றி ஃபால்ட் 1 ஆகிறதா என்று பாருங்கள். படித்தவுடன் அழியும் குணத்தை ஸ்டப் காட்டாது; அதற்கு உண்மையான சிப்பில் டயோடு கம்பியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.